நிலைபேறு முதுமாணி: எந்தப் பிரிவை எடுக்கிறது?

வருசத்தின் கடைசி மாதங்கள் வந்தால் புதுப் பட்டதாரிகளிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும். செவ்னிங் விண்ணப்பம் திறந்திருக்கும், இராஸ்மஸ் முண்டஸ் பட்டியல் வந்திருக்கும், பேராதனையிலயும் கொழும்பிலயும் பட்டமேற்படிப்பு விளம்பரங்கள் பேப்பரில வரத் தொடங்கியிருக்கும். "சஸ்டெய்னபிலிட்டியில மாஸ்டர்ஸ் செய்யலாம் எண்டு யோசிக்கிறன். எதில ஸ்பெஷலைஸ் பண்ணினா நல்லம்?"

கேள்வி நியாயமானது. நிலைபேறு எண்ட பெயரில் வருகிற முதுமாணிப் படிப்புகளில் தெரிவுகள் கனக்க. காலநிலைக் கொள்கை, புதுப்பிக்கத்தக்க சக்தி, நீர் முகாமைத்துவம், உணவும் விவசாயமும், நகரத் திட்டமிடல், கழிவு முகாமைத்துவம், உயிர்ப்பல்வகைமை, அனர்த்த அபாயக் குறைப்பு, சுற்றாடல் சட்டம், கடைசியாக எல்லாருடைய வாயிலும் இப்ப இருக்கிற ஈ.எஸ்.ஜி. இவ்வளவுக்குள்ள ஒண்டை எடுக்கவேணும். எடுத்தால் ஒரு வருசமோ இரண்டு வருசமோ போகும். சில இலட்சம் ரூபாவும் போகும்.

வழக்கமாகக் கிடைக்கிற பதில்கள் மூன்று. எதுக்கு வேலை இருக்கோ அதை எடு. எதுக்கு ஸ்கொலர்ஷிப் கிடைக்குதோ அதை எடு. முதல் பட்டத்தோட ஒட்டினதை எடு, புதுசாக் கஷ்டப்படத் தேவையில்லை. மூன்றிலும் உண்மை இருக்கு. வீட்டில் இரண்டு பேர் உங்கட சம்பளத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கேக்க "மனசுக்குப் பிடிச்சதைப் படி" எண்டு சொல்லுறது அறிவுரை இல்லை, பகிடி.

ஆனாலும் இந்த மூன்று பதிலும் ஒரு விஷயத்தைத் தொடுவதில்லை. படிப்பு முடிஞ்ச பிறகு உங்களால் தனியாக எதைச் சரிபார்க்க முடியும்? ஒரு கிணற்றுத் தண்ணியைக் குடிக்கலாம் எண்டு ஓர் அறிக்கை சொன்னால், அது சரியோ பிழையோ எண்டு உங்களால் சொல்ல ஏலுமா? ஒரு காற்றாலையால் பறவைகளுக்குப் பாதிப்பில்லை எண்டு எழுதியிருந்தால், அதை எழுதினவர் எந்த மாதத்தில் பறவை எண்ணினவர் எண்டு தேடிப் பார்க்கத் தெரியுமா? என்னுடைய கருத்து இதுதான்: ஓர் இடத்தைப் பற்றி யாராவது சொல்லுற ஒரு கூற்றை நீங்களே அளந்து, எண்ணி, அல்லது சட்டப்படி வாசித்துச் சரிபார்க்கிற திறமையை எந்தப் பிரிவு தருகுதோ, அதை எடுங்கோ. பிரிவின் பெயர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

சொல் பெரிசு

நிலைபேறான அபிவிருத்தி எண்ட சொல் உலகம் முழுக்கப் பரவினது 1987 இல் வந்த புருன்ட்லாண்ட் அறிக்கையோடு. 2015 இல் ஐக்கிய நாடுகள் சபை 17 இலக்குகளை ஏற்றுக்கொண்டது. அதுகளுக்குக் கீழே 169 உப இலக்குகள். வறுமையிலிருந்து கடல் வரைக்கும், பால் சமத்துவத்திலிருந்து நகரப் போக்குவரத்து வரைக்கும் எல்லாம் அதுக்குள்ள வந்திட்டுது. எல்லாம் உள்ளே வந்தால் படிப்பில் ஒரு சிக்கல் வரும். பொதுப் பாடங்கள் எல்லாருக்கும் ஒரே சொற்களைக் கற்றுத் தரும். அந்தச் சொற்களை வைச்சு எந்தக் கூட்டத்திலயும் அரை மணித்தியாலம் கதைக்கலாம். ஆழம் எண்டு ஒண்டு கிடைக்கிறதெண்டால் அது சிறப்புப் பிரிவில் மட்டும்தான் கிடைக்கும்.

ஆழம் இல்லாமல் சொல்லை மட்டும் பாவிச்சால் என்ன நடக்கும் எண்டு இந்த நாடு 2021 இல் பார்த்தது. அந்த வருசம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. நாடு முழுக்கச் சேதன விவசாயத்துக்கு மாறப்போகுது எண்டு சொன்னார்கள். நோக்கத்தைக் குறை சொல்ல ஏலாது. ஆனால் கணக்கு? யூரியாவில் நைதரசன் 46 சதவீதம். சாதாரண கூட்டெருவில் ஒண்டு அல்லது இரண்டு சதவீதம். ஒரு ஹெக்டெயர் வயலுக்கு 100 கிலோ நைதரசன் வேணும் எண்டு வைச்சுக்கொள்ளுவம். யூரியா எண்டால் ஏறத்தாழ 217 கிலோ போதும். கூட்டெரு எண்டால் 5 தொன்னிலிருந்து 10 தொன் வரை வேணும். அவ்வளவு எருவை ஒரே போகத்தில், நாடு முழுக்க, யார் செய்யிறது, எந்த லொறியில் ஏத்துறது? இதைக் கேட்க ஒரு மண் விஞ்ஞானம் படிச்ச ஆள் போதும். கேட்டவர்களும் இருந்தார்கள். அவர்களின் குரலை விட "பசுமை" எண்ட சொல்லின் குரல் பெரிசாக இருந்தது. அதே வருச முடிவுக்குள் தடையைத் தளர்த்தினார்கள். அதுக்கிடையில் விளைச்சல் விழுந்திட்டுது. நட்டப்பட்டது கமக்காரர்.

சேதன விவசாயம் கூடாது எண்டு இதை வைச்சுச் சொல்ல வரேல்லை. அதை உண்மையாக விரும்புகிற ஆள்தான் அந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்திருக்கவேணும்.

எங்கட ஊர்ச் சண்டைகள்

எந்தப் பிரிவு தேவை எண்டு அறிய பல்கலைக்கழகப் பிரசுரத்தை விட எங்கட ஊர்களில் நடக்கிற சண்டைகள் கூட உதவும். ஒவ்வொண்டிலும் எந்தத் திறமை பற்றாமல் போச்சுது எண்டு பாருங்கோ.

சுன்னாகத்தில் இருந்து தொடங்குவம். வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் மிதக்குது எண்டு சனம் முறைப்பாடு செய்தது. சனம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: குடிக்கலாமா, குடிக்க ஏலாதா? அதுக்கு ஆளுக்கொரு அறிக்கை வந்தது. வழக்கு 2015 இல் உயர் நீதிமன்றம் போய், 2019 ஏப்ரலில்தான் தீர்ப்பு வந்தது. மின்னுற்பத்தி நிறுவனம் 20 மில்லியன் ரூபா நட்டஈடு கட்டவேணும் எண்டு நீதிமன்றம் சொன்னது. இடைப்பட்ட வருசங்களில் ஊர் பவுசர் தண்ணியோட வாழ்ந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ள நிற்கிறது. அந்தக் கல்லில் வெடிப்பும் குகையும் கனக்க. ஓரிடத்தில் ஊத்தினது எங்க போய் எப்ப வெளிக்கிடும் எண்டு கண்ணால் பார்த்துச் சொல்ல ஏலாது. அதுக்குத்தான் நீர்நிலவியல் எண்டு ஒரு படிப்பு இருக்கு. நீர் முகாமைத்துவம் எண்ட பெயரில் படிச்சு, நிலத்தடி நீரின் ஓட்டத்தைக் கணிக்கத் தெரியாமல் வந்தால், இந்த ஊருக்கு அந்தப் பட்டம் பாதிதான்.

அதே தண்ணிக்கதையில் இன்னொரு பக்கம். இரணைமடுத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு வாற திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். அவர்கட பயத்தில் நியாயம் இருந்தது. பிறகு தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கிற நிலையம் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். நாளொண்டுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. இந்த வகைச் சுத்திகரிப்புக்குக் கன மீற்றர் ஒண்டுக்கு சாதாரணமாக 3 இலிருந்து 4 அலகு மின்சாரம் போகும். முழுக் கொள்ளளவில் ஓடினால் ஒரு நாளைக்கு 72,000 இலிருந்து 96,000 அலகு வரை. இனித் தண்ணிப் பிரச்சினை ஒரு மின்சாரப் பிரச்சினையும் கூட. வெளியேற்றுகிற உப்புச் செறிவான நீர் கரைவலைக்காரருக்கு இன்னொரு பிரச்சினை. நீர், சக்தி, கடல் மூன்றையும் ஒண்டாக வைச்சுக் கணக்குப் பார்க்கத் தெரிஞ்ச ஆக்கள் எங்களிட்ட எத்தனை பேர்?

மன்னாருக்கு வருவம். 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலைப் பண்ணை திறக்கப்பட்டது. 30 காற்றாலைகள், 100 மெகாவாற்றுக்குச் சற்றுக் கூட. பிறகு மன்னாருக்கும் பூநகரிக்கும் அதானி நிறுவனத்தின் பெரிய திட்டம் வந்து, 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகியது. ஆனாலும் வேறு காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக அதே வருசம் மன்னார்ச் சனம் வீதியில் இருந்தது. இங்க இரண்டு பக்கமும் பசுமையைத்தான் கதைக்குது. நிலக்கரி எரிக்காமல் மின்சாரம் எடுக்கிறது பசுமை. மத்திய ஆசியாவிலிருந்து வலசை வாற பறவைகள் இறங்குகிற தீவைப் பாதுகாக்கிறதும் பசுமை. மழை வெள்ளம் கடலுக்கு ஓடுகிற வழியை வீதி போட்டு மறிக்கக்கூடாது எண்டு கேட்கிறது அதைவிட அடிப்படையான விஷயம். "நான் நிலைபேறு படிச்சனான்" எண்டு சொல்லி இந்த இடத்தில் ஒரு முடிவுக்கும் வர ஏலாது. பறவை எப்ப வரும், எந்த உயரத்தில் பறக்கும், இரவில் எங்க தங்கும், வெள்ளம் எந்தப் பக்கம் சாயும் எண்டு தரவு வேணும். வலசைப் பறவைகள் ஏறத்தாழ ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை நிற்கும். யூலையில் போய் எண்ணினால் "பறவை குறைவு" எண்டுதான் வரும். அது பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை.

மின்சாரத்தில் இன்னொரு பாடம் 2025 இல் கிடைச்சது. பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு பாய்ஞ்சு நாடே இருண்டு போச்சுது எண்டு எல்லாரும் மீம் போட்டுச் சிரிச்சம். சிரிப்புக்குப் பின்னால் இருந்த விஷயம் இது: ஞாயிறு பகலில் மின்பாவனை குறைவு, சூரிய மின்சாரம் கூட. நீர்மின், அனல்மின் நிலையங்களில் சுழல்கிற பாரமான இயந்திரங்கள், ஓரிடத்தில் அடி விழுந்தால் முழு வலையமைப்பையும் சில விநாடி தாங்கிப் பிடிக்கும். கூரைச் சூரியத்தகட்டுக்கு அந்தச் சுழல்கிற பாரம் இல்லை. இரண்டு மாதம் கழிச்சு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறைக்கு, பகலில் கூரைச் சூரியத்தகடுகளை நிற்பாட்டி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டது. 2030 இல் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க சக்தி எண்டு இலக்கு வைச்ச நாடு, வெயில் கூடின நாளில் சூரிய மின்சாரத்தை நிற்பாட்டச் சொன்னது. இந்த முடிச்சை அவிழ்க்கப்போறது பற்றரிச் சேமிப்பும் வலையமைப்பு முகாமைத்துவமும் தெரிஞ்ச ஆள். "சக்திக் கொள்கை" எண்ட பிரிவை எடுக்கிறவர் குறைஞ்சது இந்தப் பொறியியலை வாசிச்சு விளங்குகிற அளவுக்காவது வரவேணும்.

இதுவரைக்கும் சொன்னதை வைச்சு "அப்ப விஞ்ஞானம், பொறியியல் படிச்ச ஆக்களுக்கு மட்டும்தானோ இந்தப் படிப்பு?" எண்டு கலைப்பீடப் பிள்ளைகள் கேட்கலாம். இல்லை. மலையகத்தைப் பாருங்கோ. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது எண்டு அதுக்கு முன்னமே எச்சரிக்கை இருந்தது. பதினொரு வருசம் கழிச்சு, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் திரும்பவும் மண்சரிவு, திரும்பவும் சாவு. எச்சரிக்கை வந்தாலும் லயத்தில் இருக்கிற ஒரு குடும்பம் எங்க போறது? காணி அவர்கட பெயரில் இல்லை. போய் வீடு கட்ட வேறு துண்டும் இல்லை. இந்த இடத்தில் மண்ணைப் பற்றின அறிவை விடக் காணி உரிமையைப் பற்றின அறிவுதான் குறைவாக இருக்கு. அனர்த்த அபாயக் குறைப்பில் முதுமாணி செய்யிற மலையகப் பிள்ளை ஒராள் காணிச் சட்டத்தையும் தோட்ட நிர்வாக முறையையும் தன்ர ஆய்வாக எடுத்தால், அது எந்த ஆய்வுகூட வேலைக்கும் குறைஞ்சதில்லை.

கடலிலும் அப்பிடித்தான். இழுவைமடித் தொழிலைத் தடை செய்து 2017 இல் சட்டத் திருத்தம் வந்தது. சட்டம் இருக்கு. பாக்கு நீரிணையில் இந்திய இழுவைப்படகுகள் இண்டைக்கும் வருகுது. இந்தப் பக்கத்தில் கடலட்டைப் பண்ணைகள் கரையோரக் கடலை வேலி போட்டுப் பிரிச்சிருக்கு எண்டு சிறுதொழிலாளர் சொல்லுகினம். கடல் யாருடையது, யார் அனுமதி குடுக்கிறது, சங்கங்களை யார் கேட்டது? இது சட்டமும் சமூகவியலும் படிச்ச ஆக்களுக்கான கேள்வி. அங்கயும் சரிபார்க்கிற திறமைதான் தேவை: அனுமதிப்பத்திரத்தை வாசிக்க, வர்த்தமானியைத் தேட, தகவலறியும் உரிமைச் சட்டத்தில் சரியான கேள்வியை எழுத.

ஈ.எஸ்.ஜி. எடுக்கலாமா?

இந்தக் கேள்வியை ஒளிச்சு வைச்சுப் பிரயோசனமில்லை. இப்ப கூடுதலான ஆக்கள் போறது இந்தப் பக்கம்தான். காரணமும் இருக்கு. இலங்கை மத்திய வங்கி 2022 இல் பசுமை நிதிக்கான வகைப்பாட்டை வெளியிட்டது. நிலைபேறு, காலநிலை தொடர்பான தகவல்களை வெளியிடுகிற இரண்டு புதிய நியமங்கள் 2025 ஜனவரி 1 இலிருந்து கொழும்புப் பங்குச் சந்தையின் 100 பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகுது. ஆடைத் தொழிற்சாலைகளிட்ட ஐரோப்பியக் கொள்வனவாளர்கள் காபன் கணக்குக் கேட்கினம். வங்கி, தேயிலை, ஹோட்டல், எல்லா இடத்திலயும் அறிக்கை எழுத ஆள் தேவை. சம்பளமும் அரச உத்தியோகத்தை விடப் பரவாயில்லை.

குடும்பத்தைத் தாங்கவேண்டிய பிள்ளை இதை எடுத்தால் அதில் வெட்கப்பட ஒண்டுமில்லை. ஆனால் எடுக்கிறவர் இரண்டு விஷயம் யோசிக்கவேணும்.

ஒண்டு, அந்த வேலைகளில் பெரும்பகுதி கொழும்பில். யாழ்ப்பாணத்திலயோ மட்டக்களப்பிலயோ வாழ நினைக்கிற ஆளுக்கு இது சின்ன விஷயமில்லை. இரண்டு, அறிக்கை எழுதுகிற வேலையும் அளக்கிற வேலையும் வேற வேற. நிறுவனத்தின் நீர்ப்பாவனை 12 சதவீதம் குறைஞ்சது எண்டு அழகாக எழுதுகிற ஆள் ஒராள். மானி எங்க பூட்டியிருக்கு, போன வருசம் எத்தனை மாதம் மானி பழுது, குழாய்க்கிணற்றுத் தண்ணி கணக்கில் வருகுதா எண்டு கேட்கிற ஆள் இன்னொராள். முதலாமவரின் வேலையைச் செய்யற மென்பொருட்கள் ஏற்கனவே வந்திட்டுது. இரண்டாமவர் தொழிற்சாலைக்குள்ள நடந்து பார்க்கவேணும், அந்த வேலை லேசில போகாது. ஈ.எஸ்.ஜி. எடுத்தால் காபன் கணக்கீடு, நீர்க் கணக்காய்வு, சக்திக் கணக்காய்வு, இதுகளில் ஒண்டையாவது கையால் செய்யக் கற்றுக்கொண்டு வாங்கோ.

பிரசுரத்தை மூடிவிட்டுப் பாடவிபரத்தைத் திறவுங்கோ

பிரிவின் பெயரை நம்பி விண்ணப்பிக்கிறதுதான் எங்கட ஆக்கள் கூடச் செய்யிற வேலை. "காலநிலை மாற்றமும் நிலைபேறான எதிர்காலமும்" எண்டு பெயர் இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் எட்டுப் பாடத்தில் ஆறு கட்டுரை எழுதுகிற பாடம். பெயர் சாதாரணமாக இருக்கிற இன்னொரு படிப்பில் புள்ளிவிபரவியல், ஜி.ஐ.எஸ்., கள ஆய்வு மூன்றும் கட்டாயம். சேர முதல் பார்க்கவேண்டியவை சில:

முதலாவது, தீசிஸுக்கு எவ்வளவு பங்கு? பிரித்தானியாவின் ஒரு வருடப் படிப்புகளில் பொதுவாக 180 கிரெடிட்டில் 60 தீசிஸுக்கு, அதாவது மூன்றில் ஒண்டு. ஐரோப்பாவின் இரண்டு வருடப் படிப்புகளில் பெரும்பாலும் 120 இல் 30, நாலில் ஒண்டு. நடைமுறையில் உங்கட உண்மையான சிறப்புத்துறை எண்டது இந்தத் தீசிஸ்தான். சான்றிதழில் எழுதியிருக்கிறதை வேலைக்கு எடுக்கிறவர் ஒருக்கா வாசிப்பார். பிறகு கேட்கிறது "தீசிஸ் எதில செய்தனீங்கள்?" எண்டு.

இரண்டாவது, அந்தத் தீசிஸை ஊரில் செய்ய விடுவார்களா, எந்த மாதத்தில்? இதைக் கனபேர் யோசிப்பதில்லை. ஒரு வருடப் படிப்பில் ஆய்வுக்காலம் யூனிலிருந்து ஆகஸ்ட் வரை வரும். அந்த நேரம் வடக்கில் கோடை. கிணறு வத்தியிருக்கும், வலசைப் பறவை இருக்காது, பெரும்போகம் தொடங்கியிருக்காது. மாரி மழை ஒக்டோபருக்குப் பிறகுதான். நிலத்தடி நீரைப் படிக்கிற ஆளுக்கு மழைக்கு முந்தினதும் பிந்தினதும் இரண்டு அளவீடும் வேணும். அப்பிடியெண்டால் இரண்டு வருடப் படிப்பு பொருத்தம், அல்லது உள்நாட்டில் செய்யலாம். காற்றைப் படிக்கிற ஆளுக்கு இதே யூன், யூலை நல்ல காலம், சோளகம் அடிக்கிற நேரம்.

மூன்றாவது, மேற்பார்வை செய்யிறவர் எதை ஆராய்ச்சி செய்யிறவர்? அவரின் கடைசி ஐந்து கட்டுரையின் தலைப்பைப் பாருங்கோ. உங்கட கேள்விக்குக் கிட்டவாக ஒண்டும் இல்லையெண்டால், அந்தப் பல்கலைக்கழகத்தின் தரவரிசை உங்களுக்கு உதவாது.

நாலாவது, காசும் நிபந்தனையும். செவ்னிங் எண்டால் இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கும், முடிச்சிட்டு இரண்டு வருடம் நாட்டில் நிற்கவும் வேணும். அந்த இரண்டு வருடத்தைத் தண்டனையாகப் பார்க்கிற ஆக்கள் இருக்கினம். கையில் ஒரு கேள்வியோட போன ஆளுக்கு அது வேலை தொடங்குகிற காலம்.

வெளிநாடு மட்டும்தான் வழி எண்டும் இல்லை. பேராதனையில் விவசாயப் பட்டப்பின்படிப்பு நிறுவனம், விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவனம், கொழும்பு, மொறட்டுவை, ஸ்ரீ ஜயவர்தனபுர, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உயர்பட்டப் படிப்புகள் பீடம் எண்டு இடங்கள் இருக்கு. கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் பிரச்சினைகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கு. வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறி, சனி ஞாயிறு வகுப்பு முடிச்சு, திங்கள் விடிய வேலைக்கு வாற ஆக்களின் தீசிஸ் சில நேரம் லண்டனில் இருந்து வாறதை விடப் பிரயோசனமாக இருக்கும், அவையள் களத்தை விட்டு விலகவே இல்லை.

"இதெல்லாம் சரி, ஊரில வேலை இருக்கா?"

நேரடியாகச் சொன்னால், குறைவு. நீர்வழங்கல் சபை, மத்திய சுற்றாடல் அதிகாரசபை, மாகாணத் திணைக்களங்கள், பல்கலைக்கழகம், சில தொண்டு நிறுவனங்கள், அவ்வளவுதான். அரச நியமனம் வர வருசங்கள் போகும். தொண்டு நிறுவனத்தில் செயற்திட்டம் முடிய வேலையும் முடியும். பொம்பிளைப் பிள்ளை எண்டால் இன்னொரு சுமை: "கடலிலயும் காட்டிலயும் அலைஞ்சு என்ன படிப்பு" எண்டு வீட்டில் கேட்பினம். இதையெல்லாம் மறைச்சு "மண்ணுக்காகப் படியுங்கோ" எண்டு இருபத்தைந்து வயசுப் பிள்ளையின் தலையில் சுமையை வைக்கிறது எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் இதே காரணத்தாலதான் சரிபார்க்கிற திறமையை எடுங்கோ எண்டு சொல்லுறன். நீர்நிலவியல், வலையமைப்புப் பொறியியல், புள்ளிவிபரம், சுற்றாடல் சட்டம், இதுகள் ஊரில் வேலை இல்லாவிட்டாலும் கொழும்பில், டோஹாவில், மெல்பேர்னில் வேலை தரும். திரும்பி வர நினைக்கிற நாளில் கூடவே வரும். பொதுவாக "நிலைபேறு" எண்டு மட்டும் படிச்ச ஆளுக்கு அங்கயும் போட்டி கூட, இங்கயும் இடம் குறைவு. ஊருக்கு உதவுகிற தெரிவும் உங்களைக் காப்பாத்துகிற தெரிவும் இந்த விஷயத்தில் பெரும்பாலும் ஒண்டாகவே வருகுது.

இன்னொரு விஷயம், மொழி. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988 இல் வந்த திருத்தத்தால், குறித்த பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் பாதிப்பு மதிப்பீடு கட்டாயம். அந்த அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைச்சு, குறிப்பிட்ட நாட்களுக்குள் யாரும் கருத்து எழுதலாம். சட்டம் திறந்து வைச்சிருக்கிற கதவு இது. நூற்றுக்கணக்கான பக்கம், நிறைய அட்டவணை, பெரும்பாலும் தடிச்ச ஆங்கிலம். ஊர்ச்சனம் அதை வாசிக்க ஏலாமல் இருக்கேக்க நாட்கள் ஓடி முடிஞ்சிடும். பிறகு இயந்திரம் வந்து இறங்கும். அப்பதான் வீதியில் இறங்குவம். வீதியில் இறங்குகிறது உரிமை, சில நேரம் அதுதான் ஒரே வழி. ஆனால் அந்த நாட்களுக்குள், "உங்கட 4 ஆம் அத்தியாயத்தில் பறவைக் கணக்கெடுப்பு ஓகஸ்டில் நடந்திருக்கு, திரும்பச் செய்யுங்கோ" எண்டு ஒரு பக்கக் கடிதம் எழுதவும், அதே விஷயத்தை மீனவர் சங்கத்துக்கும் கமக்காரர் அமைப்புக்கும் நல்ல தமிழில் விளங்கப்படுத்தவும் ஒவ்வொரு மாவட்டத்திலயும் ஐந்து பேர் இருந்தால் கதை வேற மாதிரிப் போகும். அந்த ஐந்து பேருக்கும் சம்பளம் வேற எங்கயாவது இருந்து வரலாம். இந்தக் கடிதத்துக்கு ஒரு கிழமை பின்னேரங்கள் போதும்.

விண்ணப்பிக்க முதல்

விண்ணப்பப் படிவத்தைத் திறக்க முதல் ஒரு வெள்ளைத்தாளில் ஒரே ஒரு வசனம் எழுதிப் பாருங்கோ. அதில் மூன்று விஷயம் இருக்கவேணும்: ஓர் இடத்தின் பெயர், ஒரு கேள்வி, அதை அறிய எதை அளக்கவேணும் அல்லது எதை வாசிக்கவேணும் எண்டது. "வலிகாமத்தில் வெங்காயத் தோட்டங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற கிணறுகளில் நைத்திரேற்று மாரிக்குப் பிறகு கூடுதா குறையுதா, 30 கிணற்றில் மாதம் ஒருக்கா அளந்து பார்க்கப்போறன்." "வாகரையில் கண்டல் நட்ட இடங்களில் எத்தனை கன்று மூன்று வருசம் தாண்டி நிக்குது, போய் எண்ணப்போறன்." "நுவரெலியாவில் ஒரு தோட்டத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குக் காணி கிடைக்க எந்தக் கடதாசி எந்த மேசையில் நிக்குது, தேடிப் பார்க்கப்போறன்."

அந்த வசனத்தை எழுத முடியாவிட்டால் இன்னும் ஒரு வருசம் வேலை செய்யுங்கோ, ஊர் சுத்துங்கோ, ஆக்களோட கதையுங்கோ. ஒண்டும் குறைஞ்சு போகாது. எழுத முடிஞ்சால், எந்தப் பிரிவு எண்ட கேள்விக்கு அந்த வசனமே பதில் சொல்லும். ஸ்கொலர்ஷிப் நேர்முகத்தில் "ஏன் இந்தப் படிப்பு?" எண்டு கேட்கிறவருக்கும் அதே வசனத்தைச் சொல்லுங்கோ. பொது வார்த்தைகளை நாள் முழுக்கக் கேட்டுக் களைச்சுப்போன அவர், கிணற்று எண்ணிக்கையைச் சொல்லுற பிள்ளையை நிமிர்ந்து பார்ப்பார்.